அரை டிக்கெட்டும் முழுக் கவலையும்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டிருப்பதால் ஊர், பெயர், வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கிறார்கள். மகளுக்கு 9 வயது. இன்னும் சில மாதங்களில் 10 ஆகிவிடும். மகனுக்கு 3 வயது முடிந்து 2 மாதம். கூடவே 68 வயது மாமியார், முழங்கால் வலியோடு. வேலை வேலை என்று இரண்டு விடுமுறைகளைத் தள்ளிப்போட்ட கணவர், ஒரு நாள் சாப்பிடும்போது மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்: "இந்த வருஷம் டிஸ்னி வேர்ல்ட், நிச்சயம்." அன்றிலிருந்து மகள் ஒரு நோட்டில் ரைடுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறாள். வாசகி செலவைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். ஐந்து பேர், ஃப்ளோரிடாவில் ஆறு நாள், நான்கு பூங்காக்கள். சேமிப்பில் இருப்பது அந்தத் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மீதியைக் கிரெடிட் கார்டில் தேய்த்து 12 தவணையில் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். "குழந்தைகளுக்காகத்தானே, இதிலுமா கணக்குப் பார்ப்பாய்?" என்று கேட்டாராம்.

அதன் பிறகு வாசகி தானாகவே சில வழிகளைத் தேடிப் பிடித்திருக்கிறார். மகனுக்கு 3 வயது ஆகவில்லை என்று சொல்லி இலவசமாக உள்ளே கூட்டிப்போவது. யாரோ பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டை மலிவாக வாங்குவது. "ஒன்றரை மணி நேரம் எங்கள் திட்டத்தைக் கேளுங்கள், டிக்கெட் இலவசம்" என்று வந்த அழைப்பை ஏற்றுக்கொள்வது. மாமியார் எப்படியும் ரைடில் ஏறப்போவதில்லை, அதனால் அவரை ஹோட்டலிலேயே விட்டுவிடுவது. மகளுக்கு 10 ஆவதற்குள் அவசரமாகப் போய்வந்துவிடுவது. கடிதத்தின் கடைசி வரி இது: "நான் கஞ்சத்தனம் செய்கிறேனா?"

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் கஞ்சம் இல்லை. சேமிப்பில் பாதிதான் இருக்கிறது என்று தெரிந்தபின் கணக்குப் பார்ப்பது பொறுப்பு. உங்கள் கணவரையும் குறை சொல்ல மாட்டேன். இரண்டு விடுமுறைகளைத் தவறவிட்ட குற்ற உணர்ச்சியில் இருக்கும் தகப்பன் 'கணக்குப் பார்க்காதே' என்று சொல்வது பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அதற்கு எக்செல் தாளால் பதில் சொன்னால் சண்டைதான் வரும். அவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் பணம். உங்கள் பட்டியலில் இருப்பதெல்லாம் வாசலில் மிச்சம் பிடிக்கும் வழிகள். தீம் பார்க் பயணத்தில் வாசலில் மிச்சமாவது சொற்பம். எந்தப் பூங்கா, எந்த வாரம், எத்தனை நாள் என்ற மூன்றையும் முடிவு செய்யும்போதே செலவின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. நீங்கள் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஓரத்தில் நறுக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் பொய்யும் குறுக்கு வழியும் தேவைப்படுகின்றன.

மகனின் வயது

ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 3 வயதுக்குக் கீழ் டிக்கெட் கிடையாது. 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம். 10 ஆகிவிட்டால் பெரியவர். ஆக, உங்கள் மகனுக்கு டிக்கெட் உண்டு. வாசலில் கேட்காமலே விட்டுவிடலாம் என்பது உண்மைதான். கேட்டுவிட்டால்? வெளிநாட்டுப் பயணத்தில் பிறந்த தேதி அச்சடித்த பாஸ்போர்ட் உங்கள் கைப்பையிலேயே இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து பக்கத்தில் நிற்கும் உங்கள் மகள். "தம்பிக்கு மூணு முடிஞ்சிருச்சே அம்மா" என்று அவள் சத்தமாகத் திருத்தாமல் இருக்க வேண்டுமானால், அவளையும் முந்தின நாளே பொய்க்குத் தயார் செய்ய வேண்டும். அவ்வளவு ஆசையாகக் காத்திருந்த நாளை அவள் அந்தப் பயத்தோடு தொடங்க வேண்டாம்.

பொய் சொல்லாமலே அதே சலுகை கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. டோக்கியோ டிஸ்னிலாந்தில் 4 வயது முதல்தான் டிக்கெட். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸிலும் அப்படியே. பாரிஸ், ஹாங்காங் டிஸ்னிலாந்துகளில் 3 வயதிலேயே டிக்கெட் தொடங்கிவிடும்; ஆனால் குழந்தைக் கட்டணம் 11 வயது வரை நீளும். வயது வரம்பு பூங்காவுக்குப் பூங்கா மாறும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் சரியாக அந்த வரம்புகளின் விளிம்பில் நிற்கிறார்கள்.

மகளுக்கு 10 ஆவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஃப்ளோரிடாவில் குழந்தை டிக்கெட்டுக்கும் பெரியவர் டிக்கெட்டுக்கும் விலை வித்தியாசம் மிகக் குறைவு. அரை டிக்கெட் என்றால் பாதி விலை என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. அங்கே அப்படி இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக நெரிசலான வாரத்தில் போனால், ஐந்து பேருக்கும் சேர்த்துக் கூடுதல் விலை கொடுப்பீர்கள்.

மீதி டிக்கெட், இலவச டிக்கெட்

பாதி பயன்படுத்திய டிக்கெட்டை வாங்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். பல நாள் டிக்கெட்டை ஒருவர் கொஞ்சம் பயன்படுத்திவிட்டு மீதியை விற்பது ஃப்ளோரிடா மாநிலச் சட்டப்படியே குற்றம். வாங்குபவர் பாடும் சுகமில்லை. டிஸ்னி வேர்ல்டில் டிக்கெட்டை முதலில் பயன்படுத்துபவரின் விரலை வாசலில் ஸ்கேன் செய்து அதோடு இணைத்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் நீங்கள் போய் விரலை வைத்தால் பொருந்தாது. விற்றவர் போனை எடுக்க மாட்டார். இரண்டு பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திவிட்டு அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டிவரும். தள்ளுபடி வேண்டுமென்றால் பூங்காவே அங்கீகரித்த விற்பனையாளர்களிடம் கேளுங்கள். அவர்கள் கொடுப்பது சிறிய தள்ளுபடியாகத்தான் இருக்கும். பாதி விலை என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

இலவச டிக்கெட் அழைப்பு டைம்ஷேர் விற்பனைக்கானது. விடுமுறை விடுதியில் வருஷத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்பார்கள். பெரும்பாலும் கணவன், மனைவி இருவரும் வந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஒன்றரை மணி நேரம் என்று சொல்வார்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் மேனேஜர் வருவார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் வேறு விலையோடு வருவார். அரை நாள் போய்விடும். ஐந்து பேரின் அரை நாளுக்கு நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கும் ஹோட்டல் வாடகையையும் சேர்த்துப் பாருங்கள், அந்த டிக்கெட் இலவசம் இல்லை என்று புரியும்.

ஒருவேளை போய், அலுப்பில் கையெழுத்தும் போட்டுவிட்டால் உங்களுக்குச் சட்டம் ஓர் உரிமை கொடுக்கிறது. ஃப்ளோரிடாவில், கையெழுத்திட்ட நாள் அல்லது ஆவணங்கள் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 நாட்கள். "இந்த உரிமை எனக்கு வேண்டாம்" என்று உங்களிடம் எழுதி வாங்கியிருந்தாலும் ஃப்ளோரிடாவில் அது செல்லாது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்; எழுதி அனுப்பி, அனுப்பியதற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் என் ஆலோசனை, போகவே வேண்டாம் என்பதுதான்.

எந்த வாரம், எந்த நாடு

நிஜமான மிச்சம் இங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் பூங்கா டிக்கெட் எந்த நாளும் ஒரே விலை. அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் 2016-ல் ஒரு நாள் டிக்கெட்டுக்குப் பருவத்துக்கேற்ற விலையைக் கொண்டுவந்தன. டோக்கியோவும் 2021-ல் நாளுக்கு நாள் மாறும் விலைக்குப் போனது. கூட்டம் குறைவான செவ்வாய்க்கிழமையும் விடுமுறைச் சனிக்கிழமையும் இப்போது ஒரே விலை இல்லை. விலை ஏறிய நாளில் வரிசையும் நீளம். அதாவது அதிகப் பணம் கொடுத்துக் குறைவான ரைடுகளில் ஏறுவீர்கள். ஹோட்டல் வாடகையும் அதே தேதிகளில்தான் ஏறும்.

பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் உங்கள் பிள்ளைகளின் விடுமுறை, பூங்கா இருக்கும் நாட்டின் விடுமுறையாக இருக்க வேண்டியதில்லை. ஃப்ளோரிடாவில் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரமும் ஈஸ்டரை ஒட்டிய வாரங்களும் உச்சம். அந்த ஊர்ப் பள்ளிகள் ஆகஸ்ட் பாதியிலேயே திறந்துவிடுவதால் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் ஓய்ந்திருக்கும். ஜப்பானில் ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக் விடுமுறையைத் தவிர்க்க வேண்டும். ஷாங்காய், ஹாங்காங் என்றால் அக்டோபர் முதல் வாரம் சீனத் தேசிய தின விடுமுறை, கிட்டே போகாதீர்கள். உங்கள் பள்ளிக் காலண்டரையும் இந்தத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது உங்கள் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் வாரத்தைத் தேடுங்கள்.

மலிவான வாரத்துக்குக் காரணம் இருக்கும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஃப்ளோரிடா வெயிலும் புழுக்கமும் கடுமை. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கூட்டம் குறைந்த மாதங்களில் பராமரிப்புக்காகச் சில ரைடுகளை மூடுவார்கள். உங்கள் மகள் உயிரையே வைத்திருக்கும் ரைடு அந்த வாரம் திறந்திருக்கிறதா என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை சில இரவுகளில் தனிக் கட்டணத்தில் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்கள் நடக்கும். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்களுக்குச் சாயங்காலமே நேரம் முடிந்துவிடும். அதனால் பலர் அந்த நாளைத் தவிர்ப்பார்கள், பகலில் கூட்டம் குறையும். வாணவேடிக்கை போய்விடும் என்பது நஷ்டம்தான். ஆனால் ஏழரை மணிக்குத் தோளில் தூங்கிவிடும் 3 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது பெரிய நஷ்டமில்லை.

எத்தனை நாள்

நாட்களைக் கூட்டக் கூட்ட ஒரு நாளின் டிக்கெட் விலை குறைந்துகொண்டே போகும். 'இன்னும் ஒரு நாள்தானே, கொஞ்சம்தான் கூட' என்று தோன்றும். அந்த ஒரு நாள் தனியாக வராது. ஐந்து பேருக்கு ஹோட்டல், மூன்று வேளைச் சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். டிக்கெட்டை மட்டும் பார்த்து நாட்களை முடிவு செய்வதுதான் இந்த மாதிரிப் பயணங்களில் நடக்கும் மிகப்பெரிய தப்புக் கணக்கு.

நான்கு பூங்காக்களும் உங்களுக்குத் தேவையில்லை. உயரக் கட்டுப்பாடு இல்லாத ரைடுகள் நிறைய இருப்பது மேஜிக் கிங்டத்தில். மகன் டம்போ என்ற பறக்கும் யானை ரைடில் ஏறலாம். செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 97 செ.மீ. உயரம் வேண்டும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ. அனிமல் கிங்டத்தில் வண்டியில் உட்கார்ந்தபடி மிருகங்களைப் பார்க்கும் சஃபாரிக்கு உயரக் கட்டுப்பாடே இல்லை. உங்கள் அத்தையும் வரலாம். மேஜிக் கிங்டம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு, அனிமல் கிங்டம் ஒரு நாள். டிக்கெட் நாட்கள் மூன்று. ஒரே நாளில் பூங்கா மாறிக்கொள்ளும் ஹாப்பர் வசதி வேண்டாம். சின்னப் பிள்ளையோடு ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதி நாள் பஸ்ஸிலேயே கழியும்.

ஹோட்டலைப் பொறுத்தவரை வாடகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வெளியே தங்கினால் பார்க்கிங் அல்லது டாக்சி, சில இடங்களில் தனியாகப் போடும் ரிசார்ட் கட்டணம் எல்லாம் சேரும். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்கினால் இலவச பஸ்ஸும், மற்றவர்களுக்கு அரை மணி முன்னால் உள்ளே போகும் சலுகையும் உண்டு. வெளியே சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அறை கிடைத்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு அது ஜெயிக்கலாம். மொத்தத்தைக் கூட்டி ஒப்பிட்டால்தான் தெரியும்.

வரிசையைத் தாண்டும் பணம்

வரிசையைக் குறைக்கும் பாஸ் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்து 1955-ல் திறந்தபோது உள்ளே போக ஒரு கட்டணம், ரைடுக்குத் தனிக் கட்டணம். அப்புறம் ஏ, பி, சி என்று தரம் பிரித்த கூப்பன் புத்தகங்கள் வந்தன. நல்ல ரைடுகளுக்கு 1959-ல் 'இ' டிக்கெட். 1982-ல் அதையெல்லாம் ஒழித்து, ஒரே டிக்கெட்டில் எல்லா ரைடும் என்று ஆக்கினார்கள். வரிசையைக் குறைக்க 1999-ல் வந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசம். 2021-ல் அதன் இடத்தில் கட்டண முறை வந்தது. இன்று அதன் பெயர் லைட்னிங் லேன். ஒழித்த கூப்பன் புத்தகம் போனுக்குள் திரும்பி வந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கூட்டம் குறைந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் இது உங்களுக்குத் தேவைப்படாது. கதவு திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறும் ரைடுகளின் எண்ணிக்கை மதியம் முழுவதும் ஏறுவதைவிடக் கூடுதலாக இருக்கும். ரைடர் ஸ்விட்ச் என்ற இலவச வசதி இருக்கிறது: உயரம் போதாத பிள்ளையோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் ஏறிவிட்டு வருவார்; பிறகு இருந்தவர் நீண்ட வரிசையில் மறுபடி நிற்காமல் ஏறலாம். வரிசையில் சேர்வதற்கு முன்பே ஊழியரிடம் சொல்ல வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். சில ரைடுகளில் தனியாக ஏறுபவர்களுக்கு வேகமான வரிசை உண்டு. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 7 வயது ஆன பிள்ளை தனியாக ஏறலாம் என்பதால் உங்கள் மகளுக்கும் அது பொருந்தும், அவளுக்குப் பயமில்லை என்றால்.

மதியம் இரண்டு மணி

பூங்காவுக்குள் பணம் எப்போது கரைகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? காலையில் யாரும் அநாவசியமாக வாங்குவதில்லை. மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில், மகன் தரையில் உட்கார்ந்து நடக்க மாட்டேன் என்பான். மகள் தாகம் என்பாள். பக்கத்திலேயே குளிர்பானக் கடை இருக்கும். ரைடை விட்டு இறங்கினால் வெளியே போகும் வழி பொம்மைக் கடைக்குள்தான் இருக்கும். பொம்மைகள் 3 வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் அடுக்கியிருக்கும். அந்த நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்லும் தெம்பு யாருக்கும் இருக்காது. அதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

டிஸ்னி வேர்ல்டில் சொந்தச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. துரித உணவுக் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகக் கொடுப்பார்கள். டோக்கியோவில் மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துப்போக அனுமதி இல்லை. வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். எந்தப் பூங்காவானாலும் முன்பே விதியைப் படித்துவிடுங்கள். ஒரு வேளை மட்டும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுங்கள். முழுக்கக் கட்டுச்சோற்றிலேயே ஓட்டினால் அந்த நாள் தண்டனை மாதிரி ஆகிவிடும்.

தள்ளுவண்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். 3 வயதாகிவிட்டது, நடப்பான் என்று நினைக்காதீர்கள். அங்கே வாடகை அதிகம், நாள் கணக்கில் போடுவார்கள். டிஸ்னி வேர்ல்டில் 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்கு மேல் அனுமதி இல்லை. மழை அங்கியையும் தொப்பியையும் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். மகளுக்கு ஒரு தொகையைப் பயணத்துக்கு முன்பே அவள் கையில் கொடுத்து, "பொம்மைக்கு இவ்வளவுதான், எதை வாங்குவது என்பது உன் இஷ்டம்" என்று சொல்லிவிடுங்கள். சொந்தப் பணம் என்றால் 9 வயதுப் பிள்ளை கறார் வியாபாரியாகிவிடும், பாருங்கள்.

உங்கள் அத்தை

ஹோட்டலில் விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவரிடம் கேட்டதாக எழுதவில்லை. மூன்று நாளும் அன்னிய ஊரில் நான்கு சுவருக்குள் இருக்கவா அவர் அவ்வளவு தூரம் வருவார்? ஒரு நாள் மட்டும் டிக்கெட் எடுத்து, சஃபாரியும் மேடை நிகழ்ச்சிகளும் உள்ள அனிமல் கிங்டத்துக்கு அவரைக் கூட்டிப்போகலாம். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அதில் உட்காரச் சங்கடப்படுவாரா என்று கேட்டு வையுங்கள். அவரும் இருக்கும் நாளில் நிழலில் அரை மணி பேரனோடு அவர் உட்கார்ந்திருந்தால், நீங்கள் இருவரும் மகளோடு சேர்ந்து ஒரு ரைடில் ஏறலாம். ரைடில் ஏறாதவருக்கு முழு டிக்கெட் எடுக்க மனம் வரவில்லையென்றால், நுழைவுக் கட்டணமும் ரைடுக் கட்டணமும் தனித்தனியாக இருக்கும் பூங்காக்கள் இன்னும் உண்டு. கோபன்ஹேகனில் 1843 முதல் நடக்கும் டிவோலி அப்படித்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கெனோபல்ஸ் பூங்காவில் நுழைவே இலவசம். ஏறும் ரைடுக்கு மட்டும் காசு.

12 தவணை

கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 கடனுக்கு 12 சமத் தவணைகள் முடியும்போது நீங்கள் கட்டியது 120-ஐத் தாண்டியிருக்கும். நீங்கள் தலையை உடைத்துக்கொண்டு தேடிய அத்தனை மிச்சமும் அந்த இருபதில் போய்விடும். வட்டியில்லாத் தவணை என்றால் செயலாக்கக் கட்டணமும், ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கணவரிடம் 'இவ்வளவு செலவா' என்று தொடங்காதீர்கள். வாக்கைக் காப்பாற்றப் போகிறோம் என்று தொடங்குங்கள். மூன்று தாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் அவர் சொன்ன பயணம், தவணை வட்டியோடு சேர்த்து. இரண்டாவதில் அதே டிஸ்னி வேர்ல்ட், மூன்று டிக்கெட் நாள், கூட்டம் குறைந்த வாரம், அதற்குள் இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது. மூன்றாவதில், மகனுக்கு 4 ஆவதற்குள் அவனுக்கு டிக்கெட் தேவையில்லாத ஒரு பூங்கா. 'எது சரி?' என்று கேட்காமல், 'இதில் எதற்கு நாம் இருவரும் நிம்மதியாகத் தூங்குவோம்?' என்று கேளுங்கள். பயணத்தைத் தள்ளிப்போட நேர்ந்தால் மகளிடம் அவரே சொல்லட்டும், புதுத் தேதியோடு. தேதி இல்லாமல் தள்ளிப்போட்டால் மூன்றாவது முறையும் ஏமாந்ததாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள்.

இரண்டாவது தாள் முடிவானால் செய்ய வேண்டியவை சில. ரத்து செய்ய முடிந்த ஹோட்டலை முதலில் புக் செய்து, ரத்துக்கான கடைசித் தேதியைப் போனில் குறித்துவையுங்கள். டிக்கெட் பணம் பொதுவாகத் திரும்பி வராது, அதனால் விடுப்பும் விசாவும் உறுதியான பின் அதை வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், அதுவும் முழங்கால் வலியோடு ஒருவர் வரும்போது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே கடையில் கார்டைக் கொடுக்கும்போது, "உங்கள் ஊர் நாணயத்தில் கட்டுகிறீர்களா?" என்று இயந்திரம் அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்திவிட்டு அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள். இல்லையென்றால் மாற்று விகிதத்தை அவர்கள் நிர்ணயிப்பார்கள்.